எமுலேட்டரை வெளியிட்டதும் திட்டு வருகிறதா? படிப்படியாகச் சமாளிக்க ஒரு வழிகாட்டி

ஆபீஸ் முடிந்து வந்த ராத்திரிகளில் உட்கார்ந்து, பதினான்கு மாதம் செலவழித்து, ஒரு கேம் பாய் எமுலேட்டர் எழுதினேன். அதாவது, நிண்டெண்டோவின் பழைய கையடக்க விளையாட்டுக் கருவியான கேம் பாயைப் போலவே நடந்து, அதன் விளையாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் நிரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) வெளியிட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் முதல் இஷ்யூ (பிழைப் புகார்) வந்திருந்தது. தலைப்பு, "குப்பை". உள்ளே நான்கு வரி. சத்தம் ஜல்லி அரைப்பது போல இருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய எமுலேட்டரே இதைவிட நன்றாக ஓடும். வேலை தெரியாதவர்கள் ஏன் இதில் கை வைக்கிறீர்கள்? ஒன்பது பத்து நொடிக்கு ஒரு தடவை 'டக்' என்கிறது.

முதல் மூன்று வரிக்கு நான் ஒரு பக்கம் பதில் எழுதினேன். அவர் திருப்பி எழுதினார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். மூன்று வாரம் ரெப்போவை (கிட்ஹப்பில் என் திட்டம் இருக்கும் இடத்தை) திறக்கவே மனம் வரவில்லை. எனக்குத் தேவைப்பட்ட தகவல் நான்காவது வரியில் இருந்தது. அதை மட்டும் படித்திருந்தால் ஒரே மாலையில் சரிசெய்திருக்கலாம்.

உங்கள் முதல் எமுலேட்டரை வெளியிடப் போகிறீர்கள் என்றால், அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். உதாரணங்கள் கேம் பாயை வைத்து இருக்கும், எனக்குத் தெரிந்தது அதுதான். என்இஎஸ், மெகா டிரைவ் போன்ற மற்ற விளையாட்டுக் கருவிகளுக்கு எழுதுகிறவர்களுக்கும் வழி இதேதான்.

1. வெளியிடும் முன் நான்கு கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

செலவு எதுவும் இல்லை. ஒரு சனி ஞாயிறு போதும். வரக்கூடிய கோபத்தில் பெரும்பகுதி, வந்தவர் எதிர்பார்த்தது ஒன்று, கிடைத்தது வேறு என்பதால் வருவது. அதை இந்தக் கோப்புகளே தடுத்துவிடும்.

முதலாவது ரீட்மீ, திட்டத்தின் முகப்பில் தெரியும் அறிமுகக் கோப்பு. முதல் பத்தியிலேயே என்ன ஓடாது என்று எழுதுங்கள். "கேம் பாய் கலர் விளையாட்டுகள் ஓடாது, லிங்க் கேபிள் இல்லை, எம்பிசி1, எம்பிசி3 கார்ட்ரிட்ஜ்கள் மட்டும்" என்று மூன்று வரி (எம்பிசி என்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுச் சில்லு). நான் இதைக் கடைசியில், பில்ட் செய்யும் முறைக்கும் கீழே போட்டிருந்தேன். யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் படிக்கவில்லை.

இரண்டாவது, சோதனை முடிவுப் பட்டியல். ரோம் என்பது கார்ட்ரிட்ஜில் இருக்கும் நிரலின் கோப்பு. எமுலேட்டரைச் சோதிக்கவென்றே எழுதிய ரோம்களும் உண்டு. பிளார்க் என்பவர் எழுதிய சிபியு சோதனை ரோமில் 11 பகுதிகள் இருக்கின்றன. எத்தனை தேறின, எது தோற்றது என்று அப்படியே போடுங்கள். திரைக்கு டிஎம்ஜி-ஆசிட்2 இருக்கிறது. அது ஒரு சிரித்த முகத்தை வரையும், உங்கள் கோடில் (நிரலில்) எங்கே தப்போ அந்த இடம் முகத்தில் கோணலாகத் தெரியும். நேரக் கணக்குக்கு மூனை சோதனைத் தொகுப்பு. தோற்ற சோதனைகளை மறைக்காதீர்கள். நீங்களே "டைமர் சோதனையில் பாதி தோற்கிறது" என்று எழுதி வைத்துவிட்டால், அதைக் கண்டுபிடித்துக் குத்திக்காட்ட யாருக்கும் ஒன்றும் மிச்சமிருக்காது.

மூன்றாவது, இஷ்யூ படிவம். கிட்ஹப்பில் இதற்கென்றே வசதி இருக்கிறது. விளையாட்டின் பெயர், எந்த நாட்டுப் பதிப்பு, ரோமின் ஹேஷ் (கோப்பை அடையாளம் காட்டும் எண்), உங்கள் எமுலேட்டரின் பதிப்பு எண், இயங்குதளம், எந்த இடத்தில் கெடுகிறது, வேறு எமுலேட்டரில் அதே இடம் எப்படி இருக்கிறது. இந்த ஏழும் இல்லாமல் இஷ்யூ திறக்க முடியாதபடி வையுங்கள். வெறுமனே திட்ட வந்தவர் ஏழு கட்டத்தை நிரப்பும் முன் போய்விடுவார். உண்மையில் சிக்கல் உள்ளவர் நிரப்புவார்.

நான்காவது உரிமம். தளர்ந்த எம்ஐடியா, எடுத்து வெளியிடுகிறவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்னும் ஜிபிஎல்லா என்று முடிவு செய்து கோப்பைப் போட்டுவிடுங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்று ஆறாவது படியில் தெரியும்.

இங்கே இரண்டு குழிகள். ஒன்று, 'துல்லியமான' என்ற சொல். இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் நிஜ இயந்திரம் எப்படி நடக்குமோ அப்படி நடந்தால்தான் அந்தப் பெயர். ப்ரீஹிஸ்டாரிக் மேன் போன்ற விளையாட்டுகள் ஒரே வரியை வரைந்துகொண்டிருக்கும்போதே வண்ணப் பலகையை மாற்றும். வரி வரியாக வரையும் சாதாரண எமுலேட்டரில் அது சிதறும். நீங்கள் 'துல்லியமான' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு படத்தை எடுத்துப் போட்டு உங்களைப் பொய்யன் என்பார்கள். "முக்கால்வாசி விளையாட்டுகள் ஓடும்" என்று பொத்தாம்பொதுவாகவும் எழுத வேண்டாம். நீங்கள் விளையாடிப் பார்த்த பெயர்களை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று பூட் ரோம், கருவியை இயக்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல். கேம் பாயின் பூட் ரோம் வெறும் 256 பைட்தான், ஆனாலும் அது நிண்டெண்டோவின் சொத்து. ரெப்போவில் சேர்க்காதீர்கள். சேம்பாய் என்ற எமுலேட்டர் திட்டம் செய்தது போல சொந்தமாக ஒன்று எழுதிக்கொள்ளலாம். அல்லது பூட் ரோமைத் தாண்டி நேராக விளையாட்டைத் தொடங்கலாம்.

2. வெளியிடும் நாளைத் தேர்ந்தெடுங்கள்

சனிக்கிழமை காலை நல்லது. இரண்டு நாள் கையில் இருக்கும். நான் ஞாயிறு ராத்திரி வெளியிட்டதால், திங்கள் காலை மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு மேசைக்குக் கீழே போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் எழுதிய பதில்களைத்தான் பின்னால் அழிக்க வேண்டியிருந்தது.

போனில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். இஷ்யூ பார்க்க வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குங்கள். எனக்குச் சனி பத்து முதல் பன்னிரண்டு. அதை ரீட்மீயிலும் எழுதிவிட்டேன். அதற்கப்புறம் "ஏன் இன்னும் பதில் இல்லை" என்று கேட்கிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள்.

கடைகளில் போடும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கூகுள் பிளேயில் கணக்குக்கு ஒருமுறை 25 டாலர், ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். பணத்தைவிடப் பெரிய சங்கடம், நட்சத்திர மதிப்புரையை உங்களால் மூட முடியாது என்பது. பிளே ஸ்டோரில் ஒரு மதிப்புரைக்கு நீங்கள் எழுதும் பதில் 350 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குள் ஒரு டைமர் பிழையை விளக்க முடியாது. முதலில் மூல நிரலையும் கம்ப்யூட்டரில் ஓடும் பதிப்பையும் மட்டும் வெளியிட்டு, ஆறு மாதம் அடிவாங்கி உறுதியான பிறகு கடைக்குப் போகலாம். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குகிறவர்களுக்கு பிளே ஸ்டோர் ஒரு நிபந்தனை வைக்கிறது, 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும். பலர் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு இது வரமாகத்தான் தெரிகிறது, ஊரே பார்க்கும் முன் பன்னிரண்டு பேரிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்கொடை வாங்குவதையும் அந்த ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். ஐந்து டாலர் கொடுத்தவரின் குரல் உடனே மாறிவிடும். அவர் அப்போது வாடிக்கையாளர், நீங்கள் கடைக்காரர்.

3. முதல் 24 மணி நேரம் பதில் எழுதாதீர்கள்

படியுங்கள், மூடுங்கள். கை துறுதுறுக்கும். பதிலை எழுதியே ஆகவேண்டும் என்றால் தனிக் கோப்பில் எழுதி வையுங்கள், ஆனால் அனுப்ப வேண்டாம்.

மூன்று விஷயங்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அடுத்தவர் நிரலை உரிமம் மீறி எடுத்திருக்கிறீர்கள் என்ற புகார். ரெப்போவில் காப்புரிமை உள்ள கோப்பு இருக்கிறது என்ற புகார். சேவ் கோப்பு (ஆட்டத்தில் எட்டிய இடத்தைச் சேமித்து வைக்கும் கோப்பு) அழிந்துவிட்டது என்ற புகார். இவற்றை அன்றே பாருங்கள், எவ்வளவு கேவலமான சொல்லில் வந்திருந்தாலும்.

சேவ் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது மணி நேரம் ஆடிய ஆட்டம் உங்கள் பிழையால் போய்விட்டால், அந்த ஆளின் கோபம் முழுக்க நியாயம். என் எமுலேட்டர் மூடும்போது மட்டும்தான் சேவ் கோப்பை வட்டில் எழுதியது, நடுவில் கிராஷ் ஆனால் எல்லாம் போச்சு. ஒருவர் கெட்ட வார்த்தையில்தான் எழுதியிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், பதிவிறக்கத்தை அன்றே நிறுத்தினேன். மறுநாள் வந்த பதிப்பு, விளையாட்டு சேவ் செய்யும் ஒவ்வொரு தடவையும் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, அப்புறம் பெயரை மாற்றும். பழைய சேவ் கோப்பையும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். வெளியிடும் முன்பே இதைச் செய்துவிடுங்கள், தயவுசெய்து.

4. திட்டை வரி வரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் உங்களைப் பற்றியது. வலப்பக்கம் இயந்திரத்தைப் பற்றியது. வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அளக்கக்கூடிய எதுவும், ஒரு எண், ஒரு இடம், ஒரு ஒலி, ஒரு நேரம், எல்லாம் வலப்பக்கம்.

அந்த 'குப்பை' இஷ்யூவை மூன்று வாரம் கழித்து இப்படிப் பிரித்தேன். இடப்பக்கம் மூன்று வரி. வலப்பக்கம் ஒரே வரி, "9–10 நொடிக்கு ஒருமுறை டக்". அந்த எண்ணைப் பார்த்ததும் துள்ளி எழுந்தேன். கண்டபடி வரும் ஒலிக்கு ஒன்பது நொடி என்று கணக்கு இருக்காது. ஏதோ ஒன்று நிரம்பி வழிகிறது.

கணக்குப் போட்டேன். கேம் பாயின் கடிகாரம் நொடிக்கு 41,94,304 துடிப்பு. ஒரு பிரேமுக்கு (திரையை ஒருமுறை முழுக்க வரைவதற்கு) 154 வரி, வரிக்கு 456 துடிப்பு, ஆக 70,224. வகுத்தால் நொடிக்கு 59.73 பிரேம். என் மானிட்டரோ 60. மானிட்டரின் வேகத்தோடு எமுலேட்டரைக் கட்டியிருந்தேன், அதனால் விளையாட்டு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வேகம் கூடி ஓடியது. சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) எடுத்துக்கொள்ளும். நான் 48,219 தள்ளிக்கொண்டிருந்தேன். மிஞ்சும் 219 பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) சேரும். பஃபரில் இடம் 2,048. ஒன்பது நொடி சொச்சத்தில் நிரம்பும். நிரம்பியதும் என் கோடு மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கியது. அதுதான் அந்த டக்.

நான் சோதித்தது ஃபேன் ஓடும் அறையில், லேப்டாப் ஸ்பீக்கரில். அவர் ஹெட்போனில் கேட்டிருக்கிறார். என் காதுக்கு எட்டாததை அவர் எனக்குக் கேட்டுச் சொல்லியிருக்கிறார். திருத்தம் முப்பது வரி. பஃபர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து, அனுப்பும் சாம்பிள் எண்ணிக்கையை அரை சதவீதத்துக்குள் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பது. சுருதி மாறுவது காதுக்குத் தெரியாது.

வலப்பக்கம் காலியாகவே இருந்தால்? அடுத்த படி.

5. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்

பதில் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. இப்படி: "சொன்னதற்கு நன்றி. நீங்கள் ஓடவிட்டது எந்தப் பதிப்பு, எந்த விளையாட்டு, எந்த இடத்தில் கெடுகிறது? சனிக்கிழமை பார்க்கிறேன்." இவ்வளவுதான். இடப்பக்க வரிகளைத் தொடவே வேண்டாம். "சும்மா கிடைக்கிறது, அப்படித்தான் இருக்கும்", "முடிந்தால் நீங்களே எழுதுங்கள்", "எனக்கும் வேலை வெட்டி இருக்கிறது" என்ற மூன்று வாக்கியங்களையும் எழுதாதீர்கள். மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றைப் படிக்கிற நூறு பேரில் யாருக்கும் டக் சத்தம் நிற்காது.

14 நாள் காத்திருங்கள். தகவல் வரவில்லை என்றால் "விவரம் கிடைத்ததும் மறுபடி திறக்கலாம்" என்று எழுதி மூடிவிடுங்கள். இதைக் கடுமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ரோமை அனுப்பவா?" என்று சிலர் கேட்பார்கள், கேட்காமலே இணைக்கவும் செய்வார்கள். உடனே நீக்குங்கள். ஹேஷ் போதும்.

6. "அந்த எமுலேட்டரில் ஓடுகிறதே" என்று வரும்போது

குத்துவது போலத்தான் இருக்கும். ஆனால் இது நல்ல துப்பு. சேம்பாயில் ஓடுகிறது, உங்களுடையதில் ஓடவில்லை என்றால் ரோம் சரி, ஆள் சொல்வது சரி, பிழை உங்களிடம். இரண்டிலும் ஒரே இடம் வரை ஓட்டி, ரிஜிஸ்டர்களை (சிபியுவின் உள்ளே இருக்கும் எண்களை) வரி வரியாக லாக் எடுத்து, எங்கே முதலில் பிரிகிறது என்று பாருங்கள். எனக்குக் கிடைத்த பிழைகளில் பாதி டிஏஏ, ஹால்ட் என்ற இரண்டு சிபியு கட்டளைகளில்தான் இருந்தன.

அந்தப் பதற்றத்தில் மற்றவர் நிரலைத் திறந்து அப்படியே எடுத்து ஒட்டுவதுதான் பெரிய ஆபத்து. விஷுவல்பாய் அட்வான்ஸ், காம்பாட்டே ஆகிய எமுலேட்டர்கள் எல்லாம் ஜிபிஎல். அதில் இருந்து எடுத்து எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டால், அடுத்து வரும் புகாருக்கு உங்களிடம் பதிலே இருக்காது. எம்ஐடி போன்ற தளர்ந்த உரிமத்தில் இருந்து எடுத்தாலும் பெயரும் உரிம வாசகமும் கூடவே வர வேண்டும். கேம் பாயின் உள்ளமைப்பை விளக்கும் பான் டாக்ஸ் ஆவணத்தைப் படித்து நீங்களே எழுதுவது மெதுவான வழி, ஆனால் இரவில் தூக்கம் வரும்.

அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் தனிச் சலுகை எழுதி வாயை அடைப்பதும் வேண்டாம். இன்னொரு விளையாட்டு அதனால் உடையும்.

7. "வைரஸ்" என்று சொன்னால்

விண்டோஸில் இது கட்டாயம் வரும். புதிதாக, கையொப்பம் இல்லாமல் வரும் நிரலை ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரித்து நிறுத்தும். சில ஆன்டிவைரஸும் தவறாகப் பிடிக்கும். கோபப்பட இதில் ஒன்றும் இல்லை, அவர் பயப்படுகிறார். பதிவிறக்கக் கோப்பின் ஷா-256 ஹேஷைப் பக்கத்தில் போடுங்கள். பில்ட் உங்கள் கம்ப்யூட்டரில் நடக்காமல், எல்லாரும் பார்க்கும்படி கிட்ஹப்பிலேயே தானாக நடக்கட்டும். கையொப்பச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டும், பொழுதுபோக்குத் திட்டத்துக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

8. விஷயம் தெரிந்தவர் கடுமையாகச் சொன்னால்

இதுதான் அதிகம் வலிக்கும், அதிகம் உதவும். ஒருவர் என் டைமர் கோடைப் படித்துவிட்டு, "இதை ஒட்டுப்போட முடியாது, தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்" என்றார். நான் அந்தக் கோடுக்கு ஒரு மாதம் செலவழித்திருந்தேன். இரண்டு நாள் அவர்மீது மனத்தாங்கலாகவே இருந்தேன்.

அவர் சொன்னது சரி. நான் டிவ், டிமா என்ற இரண்டு டைமர் ரிஜிஸ்டர்களையும் தனித்தனி எண்ணிகளாக எழுதியிருந்தேன். நிஜ இயந்திரத்தில் உள்ளே ஒரே ஒரு 16 பிட் எண்ணிதான். அதன் மேல் எட்டு பிட்தான் டிவ் என்று வெளியே தெரிகிறது. அதே எண்ணியின் ஒரு பிட் ஒன்றில் இருந்து பூஜ்யமாக விழும்போது டிமா ஏறும். ஆகவே டிவ்வில் எதையாவது எழுதி எண்ணியைப் பூஜ்யமாக்கினால், அந்த நொடியில் டிமா ஒரு படி ஏறவும் கூடும். இரண்டு தனி எண்ணிகளை வைத்து இதைக் கொண்டுவரவே முடியாது. புதிதாக எழுதினேன், அறுபது வரி. மூனையின் டைமர் சோதனைகள் வரிசையாகப் பச்சையாக மாறின.

இப்படிப்பட்டவரிடம் "நீங்கள் சொல்வது எந்தச் சோதனையில் தெரியும்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் சொல்வார். சோதனை தேறியதும் வெளியீட்டுக் குறிப்பில் அவருக்கு நன்றி எழுதுங்கள், அவர் பேசிய விதம் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

9. எல்லை மீறினால் கதவைச் சாத்துங்கள்

பிழையைப் பற்றி ஒன்றும் இல்லாமல், உங்கள் குடும்பம், சாதி, பாலினம், முகவரி என்று போனாலோ, மிரட்டினாலோ, அது விமர்சனம் இல்லை. அதற்குத் தாளில் பக்கமே கிடையாது. 2023 ஜனவரியில் ஆண்ட்ராய்டில் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுகளை ஓடவைத்த ஈதர்எஸ்எக்ஸ்2 எமுலேட்டரின் ஆசிரியர், ஆள்மாறாட்டம், ஓயாத புகார்கள், கடைசியில் கொலை மிரட்டல் என்று காரணம் சொல்லிவிட்டு வேலையை நிறுத்தினார். இலவசமாகக் கொடுத்தவருக்கே அது நடந்தது. உங்களால் தாங்க முடியவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை.

வரிசை இதுதான். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதி, இணைய முகவரியோடு. அதற்கப்புறம்தான் நீக்குங்கள், ஆளைத் தடை செய்யுங்கள், உரையாடலைப் பூட்டுங்கள். பலர் சேர்ந்து வந்தால் கிட்ஹப்பில் ஊடாட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. முன்பு பங்களித்தவர்கள் மட்டும் எழுதலாம் என்று 24 மணி நேரம் முதல் 6 மாதம் வரை வைக்கலாம். மிரட்டல் என்றால், இந்தியாவில் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். அந்த ஸ்கிரீன்ஷாட்கள் அங்கே தேவைப்படும்.

வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். கோடு தெரியாதவராக இருந்தாலும் பரவாயில்லை. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், மனநல உதவி எண்கள் இருக்கின்றன, இந்தியாவில் டெலிமானஸ் 14416, இலங்கையில் 1926. தமிழில் பேசலாம். சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் அன்றே பேசுங்கள்.

திட்டத்தை ஒரு மாதம் நிறுத்திவைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ரெப்போவை ஆவணமாக்கிப் பூட்டினால் படிக்க மட்டும் முடியும், யாரும் புதிதாக எழுத முடியாது. மனம் தேறியதும் திறந்துகொள்ளலாம்.

10. சரிசெய்ததும் அதே இடத்தில் போய்ச் சொல்லுங்கள்

பதிப்பு எண், என்ன மாறியது, எப்படிச் சரிபார்ப்பது. "நான் அன்றே சொன்னேன்", "இப்போது திருப்தியா" எதுவும் வேண்டாம். 'குப்பை' இஷ்யூவில் நான் எழுதியது இது: "0.3 பதிப்பில் சரிசெய்திருக்கிறேன். ஒலி பஃபர் ஒன்பது நொடிக்கு ஒருமுறை நிரம்பி வழிந்தது. ஹெட்போனில் பத்து நிமிடம் கேட்டுப் பார்த்தேன், டக் இல்லை. உங்களிடமும் அப்படித்தானா?"

நான்கு நாள் கழித்து பதில் வந்தது. "டக் இல்லை. ஆனால் கீழே இருக்கும் ஸ்கோர் பட்டை ஒரு வரி இறங்கி நிற்கிறது, படம் இணைத்திருக்கிறேன்." படத்தில் அந்த வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். படிவத்தின் ஏழு கட்டங்களையும் நிரப்பியிருந்தார்.